நாவலப்பிட்டியிலிருந்து வந்த புரொசசர்

நான் முன்பு வேலை செய்த கணினிக் கடையில் புதிதாகச் சேர்ந்திருக்கும் தங்கைகளில் ஒருத்தி போன வாரம் எனக்கு ஒரு குரல் செய்தி அனுப்பியிருந்தாள்.

"அக்கா, புது புரொசசர் வந்தா மத்த வேலையெல்லாம் தொடங்க முந்தி பொதியப் பிரிச்சு, புரட்டிப் பாக்கச் சொல்றாங்க. இப்ப வர்றதுல அடியில ஊசி மாதிரி இருந்த கால்களே இல்லையே. தட்டையா, தகடு மாதிரி இருக்கு. அதுல என்னத்தப் பாக்கிறது? பாஹிமா ராத்தாகிட்ட கேட்டா, உங்ககிட்ட கேக்கச் சொல்லிட்டு ஒரேயடியா சிரிக்கிறாங்க."

எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது. இரண்டு வரியில் பதில் அனுப்பியிருக்கலாம். எழுதத் தொடங்கியதும் இரண்டு வரியில் நிற்காது என்று தெரிந்தது.

வேலை அனுபவம் எழுதுகிறவர்கள் பெரும்பாலும் ஓய்வூதியம் எடுப்பவர்கள். எனக்கு முப்பது வயதுதான் ஆகிறது. மகள் பிறந்த பிறகு கடைக்குப் போவதை நிறுத்தியவளை ஓய்வு பெற்றவள் என்று சொல்லலாமா என்று ஒரு நாள் முழுக்க யோசித்தேன். விட்டது சரியா, இன்னும் கொஞ்சம் பொறுத்திருக்கலாமா என்ற கேள்வியும் கூடவே வந்து உட்கார்ந்துகொள்ளும். உட்காரட்டும். மகள் தூங்குகிறாள். பிழையாக ஏதும் எழுதினால் ராத்தா திருத்தட்டும்.

நான் கண்டியில், மஹய்யாவையில் வளர்ந்தவள். உயர்தரப் பரீட்சை முடித்து, கணினி வன்பொருள் டிப்ளோமா ஒன்றையும் முடித்துவிட்டு, கண்டி நகரத்துக் கடைத்தெரு ஒன்றின் மேல் மாடியில் இருந்த அந்தத் திருத்தும் கடையில் சேர்ந்தேன். கீழே போன் விற்பனை. அது பாஹிமா ராத்தாவின் தம்பிக்குச் சொந்தம். மேலே திருத்தும் பகுதி முழுக்க ராத்தாவின் ராஜ்யம். ராத்தா என்றால் அவர்கள் வீட்டுப் பேச்சில் அக்கா; 'இருக்கும்' அங்கே 'ஈக்கும்'. என்னைவிட ஏழெட்டு வயதுதான் மூத்தவர். சத்தமாகச் சிரிப்பார், அதைவிடச் சத்தமாக ஏசுவார், இரண்டுக்கும் நடுவில் லேப்டாப் ஒன்றின் உள்ளே சாலிடரிங் இரும்பைப் பிடித்திருப்பார்.

எங்களிடம் வந்த வேலைகளில் எனக்குப் பிடித்தது ஒன்றுதான். விளையாட்டுக் கணினிக்கு அதன் மூளையான புரொசசரை மாற்றுவது. பேராதனைப் பல்கலைக்கழக மாணவர்கள், கடைகளில் வேலை செய்யும் பிள்ளைகள், யாரோ கழித்த அலுவலகக் கணினியை வாங்கி, அதில் பழைய கிராபிக்ஸ் கார்ட் ஒன்றைப் போட்டு விளையாடிக்கொண்டிருப்பார்கள். கொஞ்ச காலத்தில் புது விளையாட்டுகள் வரும், பெட்டி திணறத் தொடங்கும். முழுப் பெட்டியையும் மாற்ற அவர்களால் முடியாது. ஆனால் அதே பெட்டி, அதே மதர்போர்ட், அதே கார்ட் இருக்க, பிஸ்கட் ஒன்றின் அளவேயுள்ள அந்த ஒரு பொருளை மட்டும் மாற்றினால் போதும். மறுபடி ஸ்விட்சைப் போடும்போது மேசையில் வேறொரு கணினி இருக்கும். எத்தனை முறை செய்தாலும் எனக்கு அது அலுத்ததில்லை.

ராத்தாவிடம் ஒரு வேலை முறை இருந்தது. சேர்ந்த அன்றே சொன்னார்.

"இங்க பாரு சுகி, கைக்கு முந்தி வாய் போகோணும். என்ன செய்யப் போறியோ அத சத்தமா சொல்லிப்போட்டு செய். வாடிக்கையாளர் முன்னுக்கு கதிரையில ஈப்பார். அவருக்கும் கேக்கட்டும். நான் திரும்பிப் பாக்க மாட்டேன். ஆனா என்ட காது உன்ட மேசையிலதான் ஈக்கும்."

அப்படித்தான் இருந்தது. ராத்தா தன் மேசையில் எனக்கு முதுகு காட்டி உட்கார்ந்திருப்பார். "மின் வயரைக் கழற்றுறேன். மிச்ச மின்சாரம் போக ஸ்விட்சை அமத்துறேன். பெட்டியோட இரும்பைத் தொட்டு என் கையில இருக்கிற மின்சாரத்தை விடுறேன்" என்று நான் ஓதுவதுபோலச் சொல்லிக்கொண்டே செய்வேன். ஒரு படியை விட்டுவிட்டால் அந்தப் பக்கத்திலிருந்து ஒரு இருமல் வரும். மற்றப் பிள்ளைகள் இந்த முறையைக் கேலி செய்தார்கள். எனக்கோ பெரிய நிம்மதி. எதையும் செய்துவிட்டு, செய்தேனா, சரியாகச் செய்தேனா என்று இரவெல்லாம் நினைக்கிற ஆள் நான். வாயால் சொன்ன பிறகு செய்தால், சந்தேகம் முன்கூட்டியே வந்து போய்விடும்.

ஒரு முறை பேராதனைப் பொறியியல் மாணவன் ஒருவன் முன்னால் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, "அக்கா, நீங்க ரேடியோவுல கிரிக்கெட் வர்ணனை சொல்லலாம்" என்றான்.

ராத்தா திரும்பாமலே, "கேட்டுக்கொண்டு ஈங்க தம்பி. விக்கெட் விழுந்தா அது உங்கடதுதான்" என்றார். 

அவனுடைய பெட்டியில்தான் ஒரு நுணுக்கத்தைக் கற்றேன். புரொசசருக்கு மேலே சூட்டை வெளியேற்றும் உலோகக் கட்டியும் விசிறியும் இருக்கும். கட்டிக்கும் புரொசசருக்கும் நடுவே பூசிய பசை காலப்போக்கில் காய்ந்து இறுகிவிடும். அப்படியே மேலே இழுத்தால் கட்டியோடு புரொசசரும் பிடுங்கிக்கொண்டு வந்துவிடும், கால்கள் வளையும். அதனால் கழற்றும் முன் கொஞ்ச நேரம் விளையாட்டை ஓட விட வேண்டும். சூடேறி, பசை இளகும். பிறகு ஜாம் போத்தல் மூடியைத் திருகுவதுபோல இடமும் வலமும் மெதுவாகத் திருக வேண்டும். வழுக்குவது கைக்குத் தெரியும். அப்போது தூக்கலாம். "வேலை செய்றதுக்கு விளையாடச் சொல்ற கடை உலகத்துல இது ஒண்ணுதான்" என்று அந்த மாணவன் மகிழ்ச்சியோடு விளையாடினான்.

இனி நாவலப்பிட்டிக் கதைக்கு வருகிறேன்.

அது ஒரு சனிக்கிழமை. நண்பகல் தாண்டியிருந்தது. படிக்கட்டில் மூச்சு வாங்கிக்கொண்டு ஒரு பெண் பெட்டியைத் தூக்கி வந்தாள். பெட்டி பழைய போர்வையில் சுற்றியிருந்தது. பின்னால் அவளுடைய அம்மா, கைப்பையை இரண்டு கையாலும் நெஞ்சோடு அணைத்தபடி. பெண்ணின் பெயர் பவித்ரா. நாவலப்பிட்டியில் மருந்துக் கடை ஒன்றில் வேலை. அம்மா, பக்கத்துத் தோட்டத்தின் பிள்ளை மடுவத்தில், கொழுந்து பறிக்கப் போகும் தாய்மார்களின் குழந்தைகளைப் பார்த்துக்கொள்பவர். காலையிலேயே வந்திருக்க வேண்டியவர்கள். கம்பளைப் பக்கம் வீதி வேலை நடந்ததால் பஸ் நகரவில்லையாம்.

"அக்கா, இன்னைக்குச் சாயங்காலம் ஆறு மணிக்கு எனக்கு மேட்ச்" என்றாள் பவித்ரா, உட்காராமலே. "அதுக்குள்ள முடிஞ்சு நாங்க வீட்டுக்கும் போயிரணும். நேரம் காணும்தானே?"

நால்வர் சேர்ந்து இணையத்தில் விளையாடும் அணி அது. மற்ற மூவரும் பையன்கள். அன்று மாலை வெல்லும் அணி கொழும்புப் போட்டிக்குப் போகும். பவித்ராவின் கை வேகம் நால்வரிலும் நல்லதாம், பெட்டிதான் காலை வாருகிறது. பழைய புரொசசர். களத்தில் ஆட்கள் கூடிய உடனே படம் உறைந்துவிடும்.

"காட்டுங்க பாப்போம்" என்றேன். பசை இளகவும் அது வேண்டும்.

விளையாட்டைத் தொடங்கினாள். தனியாக ஓடும்போது அருமையாக ஓடினாள். ஒரு முற்றத்தில் எதிரிகள் கூடினார்கள். படம் நின்றது. அவளுடைய ஆள் ஒரு காலைத் தூக்கியபடி சிலையாக நின்றான். மறுபடி படம் அசைந்தபோது அவன் தரையில் கிடந்தான்.

"பாத்தீங்களா? நான் நிக்கிறேன், அவனுங்க சுட்டுட்டுப் போயிர்றானுங்க."

"இதுக்குத்தான் அந்தப் பையன் ஏசுறது மிஸ்" என்றார் அம்மா.

அந்தப் பையன் கஜன், அணித் தலைவன். பேராதனையில் படிக்கும் யாழ்ப்பாணத்துப் பிள்ளை. இன்றும் படம் நின்றால் கொழும்புக்கு வேறு ஆளைக் கூட்டிக்கொண்டு போவதாகச் சொல்லிவிட்டானாம். அதைச் சொல்லும்போது பவித்ரா என்னைப் பார்க்கவில்லை, திரையில் கிடந்த தன் ஆளைப் பார்த்தாள்.

புதுப் புரொசசர் அவள் கொழும்பிலிருந்து தருவித்தது. ஒரு வாரம் வீட்டில் இருந்திருக்கிறது. அம்மா கைப்பையைத் திறந்து, மஞ்சள் துணியில் முடிந்த சிறு பொதியை எடுத்து இரண்டு கையாலும் நீட்டினார். "சாமித் தட்டுல வச்சு எடுத்துக்கிட்டு வந்தேன் மிஸ்."

நானும் இரண்டு கையால் வாங்கித் தட்டில் வைத்தேன். பிரிக்கவில்லை. பழையது வெளியே வரும்வரை புதியதைப் பொதியிலிருந்து எடுக்கக் கூடாது என்பது அன்று எங்கள் கடை முறை. தலைமயிர் அளவு மெல்லிய கால்கள் ஆயிரத்துக்கு மேல். மேசையில் திறந்து கிடந்தால் ஒரு விரல் பட்டாலே போதும். நல்ல முறைதான். அதில் ஒரு ஓட்டை இருந்தது எங்களுக்குத் தெரிந்திருக்கவில்லை.

முதலில் பயோஸ். போர்ட் கண் விழித்ததும் தன்மேல் யார் யார் இருக்கிறார்கள் என்று பார்க்கும் சிறு மென்பொருள் அது. புதுப் புரொசசரின் பெயர் அதற்குத் தெரிய வேண்டுமென்றால் பழையது பொருத்தியிருக்கும்போதே அதைப் புதுப்பிக்க வேண்டும். ஆனால் அந்த மலிவு போர்டில் இடம் குறைவு. புதியவரின் பெயரை எழுத, பழையவரின் பெயரை அழித்துவிடும். அதற்குப் பிறகு திரும்பும் வழி கிடையாது. நடுவில் மின்சாரம் போனால் போர்டே போய்விடும். வெளியே வானம் கறுத்துக்கொண்டு வந்தது. கண்டியில் மழைக்கும் மின்சாரத்துக்கும் உள்ள உறவு தெரியாதவர்கள் இல்லை.

"யூ.பி.எஸ்ஸில் பெட்டியை இணைக்கிறேன். பயோஸ் கோப்பு இந்த போர்டுக்கு உரியதுதானா என்று இன்னொரு தடவை பார்க்கிறேன். இன்னொரு தடவை பார்க்கிறேன்."

"ரெண்டு தரம் போதும்" என்றது ராத்தாவின் முதுகு.

திரையில் புதுப்பிப்பின் அளவைக் காட்டும் கோடு மெல்ல நீண்டது. பாதியில் இடி இடித்தது, விளக்குகள் ஒரு கணம் மங்கின. பவித்ராவின் அம்மா கண்ணை மூடிக்கொண்டார். யூ.பி.எஸ் ஒரு தரம் கீச்சிட்டுத் தாங்கியது. கோடு நிறைந்தது. பெட்டி தானாக அணைந்து எழுந்தது, திரையில் எதுவும் வரவில்லை. வரவும் கூடாது.

"பழசு இனி எடுபடாது. புதுசு ஒண்ணுதான் வழி" என்று சத்தமாகச் சொன்னேன். 

கட்டியைத் திருகினேன், வழுக்கியது, தூக்கினேன். நெம்புகோலை உயர்த்தி, கால்கள் செருகியிருந்த சொக்கெட்டிலிருந்து பழைய புரொசசரை எடுத்தேன். எல்லாம் அழகாகப் போய்க்கொண்டிருந்தது. பவித்ராவுக்கு அழைப்பு வந்ததால் போனோடு வெளி விறாந்தைக்குப் போனாள். "புதுப் புரொசசரைப் பிரிக்கிறேன்" என்று சொல்லி மஞ்சள் துணி முடிச்சை அவிழ்த்தேன். பிளாஸ்டிக் கூட்டைத் திறந்தேன். "கால்களைப் பார்க்கிறேன்" என்று சொல்லிப் புரட்டினேன்.

பொன் கால்களின் நட்டநடுவே ஒரு சந்தனப் பொட்டு. அதன்மேல் குங்குமம்.

நெற்றியில் வைப்பதுபோல அவ்வளவு நேர்த்தியாக வட்டமாக வைத்திருந்தது. காய்ந்து, வெடித்து, கால்களுக்கு நடுவே சிமெந்துபோல இறுகியிருந்தது. பெருவிரல் அழுத்திய இடத்தில் இரண்டு மூன்று கால்கள் சாய்ந்திருந்தன.

நான் நிமிர்ந்து பார்த்தேன். அம்மா என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பயந்த முகம் இல்லை. அழகாக உடுத்திவிட்ட பிள்ளையை இன்னொருவரிடம் காட்டுகிறவரின் முகம்.

கண்டதைச் சத்தமாகச் சொல்ல வேண்டும், அதுதான் முறை. சொன்னால் விறாந்தையில் நிற்கும் மகளுக்குக் கேட்கும். எனக்கு வாய் வரவில்லை. சாலிடரிங் இரும்பைத் தாங்கியில் வைக்கும் ஓசை கேட்டது. நான் சேர்ந்த நாளிலிருந்து முதல் தடவையாக ராத்தா திரும்பினார்.

"என்ன சுகி, சத்தத்தக் காணோம்?"

"சந்தனம்" என்றேன், அவருக்கு மட்டும் கேட்கும் குரலில்.

அவர் எழுந்து வந்து பார்த்தார். அதே நேரம் பவித்ராவும் உள்ளே வந்து எட்டிப் பார்த்துவிட்டாள்.

"அம்மா!" அந்தச் சத்தத்தில் கீழ்க் கடையில் பேச்சு நின்றது. "இதுக்கு மேலயா பூசுவாங்க? யாரும்மா உங்களத் தொடச் சொன்னது?"

"நல்லதுக்குத்தானேடி" அம்மாவின் முகம் சுருங்கிக்கொண்டே போனது. "வருஷா வருஷம் ஆயுத பூஜைக்கு உன் பெட்டிக்கு நான்தானே வைக்கிறேன்?"

"பெட்டிக்கு வெளிய வைக்கிறதும் இதுவும் ஒண்ணா?"

"பொன்னா மின்னுச்சு. அதுதான் மொகம்னு நெனச்சேன். மத்தப் பக்கம் இங்கிலீஷ்ல என்னமோ எழுதியிருந்துச்சு, லேபல் மாதிரி. முதுகுலயா பொட்டு வைப்பாங்க?" என்று அவர் என்னைப் பார்த்துக் கேட்டார்.  அவர் கேட்டதில் ஒரு நியாயம் இருந்தது.

ராத்தா சிரித்துவிட்டார். ஏளனச் சிரிப்பு இல்லை, வாய்விட்ட சிரிப்பு. "ஏசாத பிள்ள. நான் அல்லாஹ்ட பேரால பிஸ்மி சொல்லாம ஒரு ஸ்விட்சையும் தொடுறதில்ல. உன்ட அம்மா கொஞ்சம் உள்ளுக்குப் போய் செஞ்சிட்டாங்க. அவ்வளவுதான்." பிறகு என் பக்கம் திரும்பி, "என்னத்துக்கு வாயைப் பொத்திக்கொண்டு நிக்கிற? சொல்லிப்போட்டு செய். அம்மாவுக்கும் விளங்கட்டும்" என்றார்.

அம்மாவின் கையில் ஏதாவது வேலை கொடுக்க வேண்டும் என்று தோன்றியது. மேசை விளக்கை அவர் கையில் கொடுத்து, "இதை இப்படியே பிடிங்கம்மா, நான் சொல்ற பக்கம் திருப்புங்க" என்றேன்.  இரண்டு கையாலும் பிடித்தார்.

"சுத்தம் செய்யும் ஸ்பிரிட்டை ஒரு சொட்டு விடுறேன். ஊறட்டும்." சந்தனம் மெல்லக் கரைந்தது. குழந்தைகளின் மென்மையான பல் தூரிகை ஒன்று எங்கள் மேசை லாச்சியில் எப்போதும் இருக்கும். "வரிசை போற பக்கமா மட்டும் துலக்குறேன். குறுக்கே துலக்கினா கால் வளையும்." ஒரு இழுப்பு, ஒற்றி எடுப்பு, மறுபடி ஒரு சொட்டு. வெள்ளைக் கடதாசியில் மஞ்சளும் சிவப்புமாக ஏறிக்கொண்டே வந்தது. கடை முழுக்கச் சந்தன வாசனை.

"தொடைச்சா சாமி கோவிச்சுக்குமா மிஸ்?" என்று அம்மா மெதுவாகக் கேட்டார்.

அந்தக் கேள்வி எனக்கும் உள்ளுக்குள் இருந்தது. "இது உள்ளுக்குப் போற சாமான்மா. வெளியில பெட்டி இருக்குதானே, அதுல வைங்க" என்றேன். அவர் விளக்கை மகளிடம் கொடுத்துவிட்டு, கைப்பையிலிருந்து குங்குமச் சிமிழை எடுத்து, பெட்டியின் நெற்றியில் ஒரு பொட்டு வைத்தார். பவித்ரா பல்லைக் கடித்துக்கொண்டு விளக்கைப் பிடித்திருந்தாள்.

பிறகு வளைந்த கால்கள். அழுத்தினால் ஈயம் வெளிவரும் பென்சில் இருக்கிறதே, அதில் ஈயத்தை எடுத்துவிட்டால் முனை வெறும் குழாய். அந்தக் குழாயை வளைந்த காலின் மேல் தொப்பிபோலப் போட்டு, மெதுவாக நிமிர்த்த வேண்டும். ஒரு முறை நிமிர்த்தலாம். அதே காலை மறுபடி அசைத்தால் ஒடிந்தாலும் ஒடியும். ஒடிந்தால் புதியதும் இல்லை, பழையதும் இல்லை. மூன்று கால்களை நிமிர்த்தினேன். 

"மூலையில இருக்கிற முக்கோணத்தை சொக்கெட்டோட முக்கோணத்துக்கு நேரா வைக்கிறேன். அமத்த மாட்டேன். தானா விழணும்."

முழுதாக விழவில்லை என்பதுபோல் ஒரு உணர்வு. இல்லை, விழுந்துவிட்டது. நெம்புகோலைத் தாழ்த்தினேன், மிளகளவு பசை வைத்தேன், கட்டியை மாட்டினேன், ஸ்விட்சைத் தொட்டேன். விசிறி சுழன்றது. திரை கறுப்பு.

"புது ஆள் மெமரியோட பழகுறதுக்கு நேரம் எடுக்கும். பொறுத்திருக்கிறோம்."

பொறுத்திருந்தோம். சுவர் மணிக்கூட்டைப் பார்ப்பதில்லை என்று இருந்தேன், பார்த்துவிட்டேன். ஐந்தைத் தாண்டியிருந்தது. பவித்ராவின் போன் அடித்தது. அவள் ஒலிபெருக்கியில் போட்டாள்.

"பவித்ரா, எங்கை நிக்கிறியள்?" கஜனின் குரல். "எல்லாரும் வந்திட்டினம். ஏலாட்டி இப்பவே சொல்லுங்கோ, நான் வேற ஆளை எடுக்கிறன்."

அவள் என்னைப் பார்த்தாள். என்ன சொல்ல? முடியும் என்று சொல்லி முடியாமல் போனால்? முடியாது என்று சொல்லிவிட்டு முடிந்துவிட்டால்?

ராத்தா குனிந்து போனுக்குள், "தம்பி, அவ வருவா. நீங்க உங்கட வேலயப் பாருங்க" என்று சொல்லி அழைப்பைத் துண்டித்தார்.

மறுபடி எல்லாவற்றையும் கழற்றினேன். எல்லாக் கால்களும் நேர் என்று நான்தான் சத்தமாகச் சொல்லியிருந்தேன். ஆனாலும் எனக்குள் இருக்கும் சந்தேகக்காரி சும்மா இருக்கவில்லை. நீளவாக்கில் பார்த்தேன், நேர். அகலவாக்கில் பார்த்தேன், நேர். பிறகு மூலைக்கு மூலை சாய்த்துப் பார்த்தேன். உள் வரிசையில் ஒன்று, ஒன்றே ஒன்று, மற்றவற்றை விட்டுத் தலைசாய்த்து நின்றது. அதன் அடியில் கடுகில் பாதியளவு சந்தனம்.

"கண்டுட்டேன்!" என்று கத்தியேவிட்டேன்.

அடுத்த கணமே பயம். இது நான் ஏற்கெனவே நிமிர்த்திய மூன்றில் ஒன்றா? பொருத்தும்போது மறுபடி சாய்ந்ததா? நினைவில்லை. ராத்தாவைப் பார்த்தேன். அவர் தன் மேசைக்குத் திரும்பிப் போய், எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்தார். இரும்பைக்கூடக் கையில் எடுக்கவில்லை. அந்த முதுகு என்ன சொன்னது என்று எனக்கு விளங்கியது.

"பென்சில் முனையைப் போடுறேன்" என்றேன். "ஒரு மயிரிழை நிமிர்த்துறேன். எடுத்துப் பார்க்கிறேன். இன்னும் ஒரு மயிரிழை." கால் நின்றது. ஒடியவில்லை. சொக்கெட்டின் மேல் புரொசசரை விட்டேன். இந்த முறை அது தானாக, தண்ணீரில் கல் அமிழ்வதுபோலச் சத்தமில்லாமல் உள்ளே இறங்கியது. முன்பு விழுந்தது விழுகையே இல்லை என்று அப்போதுதான் தெரிந்தது.

ஸ்விட்ச். விசிறி. கறுப்புத் திரை. ஒரு தரம் அணைந்து மறுபடி எழுந்தது. மறுபடி கறுப்பு. அப்புறம் திரை பளிச்சென்று விரிந்து, புதுப் புரொசசரின் பெயர் வெள்ளை எழுத்தில் வந்து நின்றது.

நாங்கள் நால்வரும் ஒரே நேரத்தில் கத்தினோம். ராத்தா "அல்ஹம்துலில்லாஹ்" என்றார், அம்மா "முருகா" என்றார், பவித்ரா என் கழுத்தைக் கட்டிக்கொண்டாள். அவள் தோளுக்கு மேலே பார்த்தபோது மணி ஆறாகப் போகிறது. நாவலப்பிட்டிக்குப் போய்ச் சேர வழியே இல்லை.

"எங்க போகப் போற?" என்றார் ராத்தா. "மேச ஈக்கி, இன்டர்நெட் லைன் ஈக்கி. இங்கேயே விளையாடு. பெட்டிட பக்கத்து மூடி போடத் தேவல்ல, காத்துப் படட்டும்."

தங்கையே, நீ கேட்ட கேள்விக்குப் பதில் இங்கேதான் இருக்கிறது. மறுநாள் ராத்தா முறையை மாற்றினார். பயோஸைத் தொடும் முன்பே புதியதைப் பிரித்துப் புரட்டிப் பார்த்துவிட்டு, மறுபடி மூடி வைக்க வேண்டும். கால் இல்லாத புரொசசர்கள் வந்த பிறகும் அது அப்படியே நிற்கிறது. நிற்கட்டும் என்றுதான் நானும் சொல்வேன். தகட்டிலும் பொட்டு வைக்கலாம்.

மேட்ச் மூன்று சுற்று. பவித்ரா ஹெட்போனை மாட்டினாள். ராத்தா ஒலிபெருக்கியையும் இணைத்ததால் எங்களுக்கும் அவர்கள் பேச்சு கேட்டது. முதல் சுற்றில் அவள் பின்னாலேயே நின்றாள். ஆட்கள் கூடும் இடத்துக்குப் போகவே இல்லை. படம் உறைந்துவிடுமோ என்ற பயம் கைக்குள் ஊறியிருந்தது. எனக்கு அது நன்றாகத் தெரிந்த பயம். அந்தச் சுற்றில் தோற்றார்கள்.  

"உள்ளுக்குப் போ பிள்ள!" ராத்தா மேசையைத் தட்டினார். "அவ்வளவு பாடுபட்டு மாத்தினது ஓரத்துல நிக்கவா?"

இரண்டாவது சுற்றில் முற்றம் வந்தது. எதிரிகள் கூடினார்கள். நான் என்னை அறியாமல் அம்மாவின் கையைப் பிடித்தேன். பவித்ரா நேராக உள்ளே ஓடினாள். புகை, வெடி, நாலு பக்கமும் ஆட்கள், படம் ஒரு இமைப்பொழுதும் நிற்கவில்லை. பட்டு விரிப்பதுபோல விரிந்துகொண்டே போனது. அவள் ஒருவன், இரண்டு பேர், மூன்றாமவன் என்று வீழ்த்திவிட்டு மறுபக்கம் வெளியே வந்தாள்.

"ஐயோ, உது ஆர்?" என்றது கஜனின் குரல். "பவித்ராவோ?"

"ஆமா" என்றாள் அவள்.  அந்தச் சுற்று அவர்களுக்கு.

 மூன்றாவது தொடங்கும் முன் கஜன் சொன்னான், "பவித்ரா, நீங்கள் முன்னுக்குப் போங்கோ. நாங்கள் பின்னால வாறம்."

அவள் உதட்டைக் கடித்துக்கொண்டு முன்னால் ஓடினாள். ராத்தா கதிரையை விட்டு எழுந்து நின்று கத்திக்கொண்டிருந்தார். கீழ்க் கடையில் இருந்தவர்கள்கூடப் படியேறி வந்துவிட்டார்கள். கடைசி எதிரி விழுந்தபோது வந்த சத்தத்தில் என் காது அடைத்தது. ஒலிபெருக்கியில் மூன்று பையன்களும் ஒன்றாகக் கத்தினார்கள். "கொழும்புக்கும் நீங்கள்தான் முன்னுக்கு" என்று கஜன் சொன்னது அந்தச் சத்தத்துக்குள் இரண்டு தரம் கேட்டது.

திரையில் வென்ற சுற்று மறுபடி ஓடத் தொடங்கியது. நாலு பேர் ஒரு மதிலோரமாக ஓடிக்கொண்டிருந்தார்கள். அம்மா அவ்வளவு நேரமும் எதைப் பார்ப்பதென்று தெரியாமல் எங்கள் முகங்களைத்தான் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார். இப்போது திரைக்கு அருகே குனிந்தார்.

"இதுல நீ எதுடி?"

பவித்ரா ஹெட்போனைக் கழற்றினாள். அம்மாவின் விரலைப் பிடித்துத் திரையின் மேல் வைத்தாள். ஓடும் உருவத்தோடு அந்த விரலையும் நகர்த்திக்கொண்டே போனாள்.

"இந்தா, எல்லாருக்கும் முன்னால ஓடுது பாருங்கம்மா. இது நான்."